குரூப்புல சேர்ந்த அன்னைக்கே ஆப் விக்கலாமா? பழவேற்காடு சொல்லிக்கொடுக்கிற பாடம்

இன்னைக்கு எபிசோட் ஒரு லிஸனர் அனுப்பின கேள்வியில இருந்து. இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருஷம் ஆன ஒருத்தர், நண்பரோட சேர்ந்து மீனவர்களுக்குன்னு ஒரு ஆப் கட்டியிருக்கார். மீன் எங்க இருக்கும், அலை எவ்வளவு, காசிமேட்டுல இன்னைக்கு என்ன விலை. மூணும் ஒரே ஸ்கிரீன்ல. மாசம் 99 ரூபாய். பழவேற்காடு பக்கத்து மீனவர்கள் நிறைய பேர் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குரூப்புல தெரிஞ்சவர் மூலமா சேர்ந்திருக்கார். சேர்ந்த அன்னைக்கே டவுன்லோட் லிங்க், ஆஃபர், போஸ்டர் எல்லாம் போட்டுட்டார். கால் மணி நேரத்துல அட்மின் ரிமூவ் பண்ணிட்டாங்க.

அவர் என்கிட்ட கேட்டது இதுதான்: "ப்ரோ, மெசேஜை வேற எப்படி எழுதியிருந்தா வாங்கியிருப்பாங்க?"

மெசேஜ் எழுதுறது கடைசி வேலைங்க. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு. அதைப் புரிஞ்சிக்க பழவேற்காட்டை விட நல்ல ஊர் கிடைக்காது. அதனால இன்னைக்கு மார்க்கெட்டிங் டிப்ஸ் எதுவும் இல்லை, ஏரி, வலை, கடன், காத்து இதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல ஊர். சென்னையில இருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், பொன்னேரி தாண்டிப் போகணும். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவுல இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவுல இருக்கு, தெற்கு ஓரம் நம்ம பக்கம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஸ்ரீஹரிகோட்டா தீவு. தெற்குல முகத்துவாரம். அது வழியாதான் கடல் தண்ணி உள்ள வருது, அதோட இறாலும் மீனும் வருது. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைச்சிக்கிட்டா மொத்த ஊருக்கும் வருமானம் போச்சு.

வெளியூர்க்காரன் வியாபாரத்துக்கு வர்றது இந்த ஊருக்குப் புதுசே இல்லை. 1610-ல டச்சுக்காரங்க வந்தாங்க. விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கடை போட்டாங்க. 1613-ல கெல்ட்ரியா கோட்டை. இங்க இருந்து போன கட்டம் போட்ட துணி எவ்வளவு பிரபலம்னா, மலாய் மொழியில இன்னைக்கும் அந்த மாதிரி லுங்கிக்கு 'கைன் பெலிக்காட்'னு பேரு. பெலிக்காட்னா நம்ம புலிகாட், பழவேற்காடுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

பாடுன்னா என்ன?

ஏரிக்குள்ள இறால் பிடிக்க நல்ல இடங்கள் கொஞ்சம்தான். முக்கியமா முகத்துவாரத்தை ஒட்டின பகுதி. எல்லாரும் ஒரே நாள்ல ஒரே இடத்துல வலை கட்டினா அடிதடிதான். அதுக்காக இங்க பல தலைமுறையா ஒரு முறை வெச்சிருக்காங்க. அதுக்குப் பேரு 'பாடு'. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் இந்த மூணு ஊருக்கும் பாரம்பரியமா பாடு உரிமை உண்டு. எந்த நாள் யாரு எந்த இடத்துல வலை கட்டணும்னு சீட்டுப் போட்டு முறை வைப்பாங்க. நல்ல இடம் இன்னைக்கு உனக்கு, இன்னொரு நாள் எனக்கு. முறை மீறினா ஊர்ப் பஞ்சாயத்து கேக்கும்.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு ஷெட்யூலர். குறைவான ரிசோர்ஸ், நிறைய யூசர்ஸ், ரவுண்ட் ராபின். ஆனா சர்வர் கிடையாது. ஊரோட வார்த்தைதான் சர்வர்.

இதை ரொமான்டிசைஸ் பண்ணவும் வேண்டாம். பாடு உரிமை ஆம்பளைங்களுக்குத்தான், அதுவும் அந்தந்த ஊர்க்காரங்களுக்கு மட்டும். பெண்களுக்குக் கிடையாது. தண்ணியில இறங்கிக் கையால தடவி இறால் பிடிக்கிற இருளர்களுக்குக் கிடையாது. பின்னாடி ஏரியில தொழிலுக்கு வந்த மத்த ஊர்களுக்கும் இவங்களுக்கும் நடுவுல வருஷக்கணக்கா சண்டையும் பேச்சுவார்த்தையும் நடந்திருக்கு. அதாவது "புதுசா வந்தவனுக்கு என்ன இடம்?"ங்கிறது இந்த ஊர்ல சோத்துப் பிரச்சனை.

நம்ம லிஸனர் போன குரூப்புல இருக்கிறது இதே ஆளுங்க. தண்ணியில முறை பார்த்துப் பழகினவங்க போன்ல மட்டும் வேற ஆளா இருப்பாங்களா? சேர்ந்த அன்னைக்கே போஸ்டர் போடுறது, முறை வராம போய் நல்ல இடத்துல வலை கட்டுறது மாதிரி. உங்க பாடு இன்னும் வரல. அட்மின் செஞ்சது அவ்வளவுதான்.

இன்னொன்னையும் கவனிங்க. அந்த குரூப்புல யார் இல்லை? மீன் விக்கிற அக்காங்க இருக்காங்களா? இருளர் குடும்பங்கள்ல இருந்து யாராச்சும் இருக்காங்களா? ஒரு குரூப்பைப் பார்த்து "இதுதான் என் மார்க்கெட்"னு நினைச்சா, ஏற்கனவே உரிமை இருக்கிறவங்களை மட்டும்தான் பார்க்கிறீங்க.

ஆப்ல இருக்கிற மூணு விஷயம், ஒவ்வொண்ணா

முதல்ல, மீன் எங்க இருக்கும். இந்தத் தகவல் எங்க இருந்து வருது? ஹைதராபாத்ல இன்காய்ஸ்னு ஒரு மத்திய அரசு நிறுவனம், 1999-ல ஆரம்பிச்சது. சேட்டிலைட் மூலமா கடல் மேற்பரப்போட வெப்பநிலையையும், தண்ணியில இருக்கிற பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடுறதுக்கு வாய்ப்பு இருக்கிற பகுதியைக் கணிச்சு சொல்றாங்க. கரையில இருந்து எந்த திசை, எவ்வளவு தூரம், எவ்வளவு ஆழம்னு வரும். எல்லாமே இலவசம்.

இதுல மூணு சிக்கல். மேகம் மூடிட்டா அந்த சேட்டிலைட் சென்சார்களுக்குக் கடல் தெரியாது, அதனால வடகிழக்குப் பருவமழை நேரத்துல பல நாள் தகவலே இருக்காது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் நம்ம கிழக்குக் கரையில 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், அப்பவும் இந்தக் கணிப்பு வராது. மூணாவதுதான் பெருசு. இது கடலுக்கான தகவல். ஏரிக்குள்ள பாட்டுல வலை கட்டுறவருக்கு இது எதுக்கு? அவர் எங்க வலை கட்டணும்னு சேட்டிலைட் சொல்ல வேண்டாம், சீட்டு சொல்லிடுச்சு. அவருக்குத் தெரிய வேண்டியது முகத்துவாரம் எப்படி இருக்கு, தண்ணி எப்போ ஏறும் எப்போ வத்தும்ங்கிறது.

அப்போ மாசம் 99 ரூபாய்ங்கிறதை மறுபடி பாருங்க. வருஷத்துக்கு 1,188 ரூபாய். மேகமூட்ட நாள், தடைக்காலம், புயல் எச்சரிக்கை நாள், அப்புறம் ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் ஏவும்போது கடலுக்குப் போகாதீங்கன்னு சொல்ற நாள், இதெல்லாம் கழிச்சுப் பாருங்க. நெட்ஃபிளிக்ஸ் மாதிரி மாசாமாசம் ஒரே மாதிரி ஓடுற வாழ்க்கைக்கு எழுதின விலை அது. இவங்க வருமானம் அப்படி வர்றதில்லை.

ரெண்டாவது, விலை. ஆப் பண்றவங்க எல்லாருக்கும் பிடிச்ச ஒரு ஆராய்ச்சி இருக்கு. ராபர்ட் ஜென்சன்னு ஒரு பொருளாதார நிபுணர் 2007-ல எழுதினது. வட கேரளாவுல 1997-ல இருந்து 2001-க்குள்ள மொபைல் டவர் வந்தப்போ மத்தி மீன் சந்தையில என்ன ஆச்சுன்னு பார்த்தார். போன் வர்றதுக்கு முன்னாடி ஒரு கரையில வாங்க ஆளில்லாம மீனைக் கொட்டுவாங்க, பக்கத்துக் கரையில மீன் பத்தாது. போன் வந்ததும் கடல்ல இருந்தே விலை கேட்டு எந்தக் கரைக்குப் போகணும்னு முடிவு பண்ணாங்க. மீனவர் லாபம் சராசரியா 8 சதவீதம் ஏறுச்சு, வாங்குறவங்களுக்கு விலை 4 சதவீதம் இறங்குச்சு. ரெண்டு பக்கமும் ஜெயிச்சாங்க. ஸ்டார்ட்அப் பிட்ச்ல எல்லாம் இது ஒரு ஸ்லைடாவே வரும்.

ஆனா அதுக்கப்புறம் ஜானகி சீனிவாசன், ஜென்னா பரல் ரெண்டு பேரும் கேரளக் கரைக்கே திரும்பப் போய் மீனவர்கள்கிட்ட பேசினாங்க. அவங்க சொன்னது: விலை தெரிஞ்சா மட்டும் எங்க வேணா விக்க முடியும்னு அர்த்தமில்லை. என்ன வகைப் படகு, யார்கிட்ட கடன், கரையில யாரோட என்ன உறவு, எல்லாத்தையும் பொறுத்தது.

இதை நம்ம பக்கத்துக்குக் கொண்டு வாங்க. வலைக்கும் இன்ஜினுக்கும் ஒருத்தர் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கியிருக்கார்னு வெச்சிக்கோங்க. பிடிக்கிற இறால் அந்த வியாபாரிக்குத்தான் போகணும், அவர் சொல்ற விலைக்கு. காசிமேட்டுல கிலோவுக்கு நூறு ரூபாய் அதிகம்னு உங்க ஆப் காட்டுது. அவர் என்ன பண்ணுவார்? ஒண்ணும் பண்ண முடியாது. தினமும் காலையில எவ்வளவு நஷ்டம்னு தெரிஞ்சிக்கிறதுக்கு மாசம் 99 ரூபாய் கட்டுவாரா?

அதே குரூப்புல அந்த வியாபாரியும் இருக்கலாம். மகளுக்குக் காலேஜ் ஃபீஸ், புயல் அடிச்ச வாரம் அரிசி, ஆஸ்பத்திரி செலவு எல்லாத்துக்கும் ராத்திரி பத்து மணிக்குப் போய் நின்னா பணம் எடுத்துக் கொடுக்கிறவரும் அவர்தான். அவர் முன்னாடி "இடைத்தரகர் இல்லாம விற்பனை செய்யுங்கள்"னு போஸ்டர் போட்டா, அதுக்கு யார் லைக் போடுவாங்க சொல்லுங்க? அந்த வியாபாரியை விலக்கணும்னா அவர் கொடுக்கிற கடனையும் நீங்க கொடுக்கணும். உங்க ஆப்ல அந்த ஃபீச்சர் இருக்கா?

மூணாவது, அலையும் காத்தும். இதுலதான் எனக்கு நம்பிக்கை இருக்கு. ஏன்னு சொல்றேன்.

ஸ்பீக்கர்ல ஆரம்பிச்ச கதை

1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி கிராமங்கள்ல தகவல் மையங்களைத் தொடங்குச்சு. கிராமங்கள்ல இன்டர்நெட்டே இல்லாத காலம். வில்லியனூர்ல மெயின் சென்டர், அங்க இருந்து வயர்லெஸ்ல மத்த ஊர்களுக்கு. அவங்க ஒரு கண்டிஷன் வெச்சாங்க: மையத்துக்கு இடம் ஊர்தான் கொடுக்கணும், அந்த இடத்துக்கு ஊர்ல எல்லாரும் வந்து போக முடியணும். நடத்துனதும் உள்ளூர் ஆளுங்கதான்.

வீராம்பட்டினம்னு ஒரு மீனவ கிராமம். அங்க ஜனங்களுக்கு வேண்டியிருந்தது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல வங்காள விரிகுடாவுக்கான அலைக் கணிப்பு சும்மாவே கிடைச்சுது. அதை டவுன்லோட் பண்ணி, தமிழ்ல, ஊர் லவுட் ஸ்பீக்கர்ல சொன்னாங்க. லாகின் கிடையாது, ஓடிபி கிடையாது.

இதுல ஒரு அழகு இருக்கு. சொன்ன அலை வந்துச்சா இல்லையான்னு அன்னைக்கு சாயங்காலமே தெரிஞ்சிடும். கடலுக்குப் போயிட்டு வந்தவர் சொல்லிடுவார். விளம்பரமே தேவையில்லை, தினமும் பரீட்சை, தினமும் ரிசல்ட். இப்படிப் பல மாசம் போனப்புறம்தான் ஒரு குரலுக்கு மரியாதை வருது.

அந்த மரியாதை என்ன செய்யும்னு 2004 டிசம்பர் 26-ல தெரிஞ்சுது. புதுச்சேரி பக்கம் நல்லவாடுன்னு ஒரு ஊர். சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் டிவியில சுனாமி செய்தி பார்த்துட்டு வீட்டுக்குப் போன் பண்றார். ஜனங்க தகவல் மையத்து ஸ்பீக்கர்ல அறிவிக்கிறாங்க, கடலை விட்டு ஓடுங்கன்னு. 3,500-க்கும் மேற்பட்டவங்க இருந்த ஊர் தப்பிச்சுது. அந்தக் காலை நேரத்துல யாரும் "இது ஃபார்வர்டு மெசேஜா, நம்பலாமா"ன்னு நின்னு யோசிக்கல. ஏற்கனவே தெரிஞ்ச ஸ்பீக்கர் அது.

பின்னாடி அதே நிறுவனம் 'ஃபிஷர் ஃப்ரெண்ட்'னு மொபைல் ஆப் கொண்டு வந்தாங்க. இன்காய்ஸ் தகவல், அலை, காத்து, ஜி.பி.எஸ்., எல்லை நெருங்கினா அலாரம் எல்லாம் அதுல உண்டு. அதுவும் இலவசம். நம்ம லிஸனருக்கு நேரடிப் போட்டி இதுதான். குரூப்புல யாராச்சும் ஒருத்தர் "தம்பி, இதெல்லாம் சும்மாவே வருதே"ன்னு கேட்டா பதில் வேணும். ஓசியில கிடைக்கிற அரசு டேட்டாவைக் கவர் மாத்தி விக்கிறோம்னு தெரிஞ்சா, அப்புறம் நீங்க எது சொன்னாலும் நம்ப மாட்டாங்க. எந்தத் தகவல் எங்க இருந்து வருதுன்னு நீங்களே முதல்ல சொல்லிடுங்க. அதுக்கு மேல நீங்க என்ன சேர்க்குறீங்களோ, அதுதான் உங்க சரக்கு.

லொக்கேஷன் அலோ பண்ணுங்க

ஆப் ஓபன் பண்ணதும் 'அலோ லொக்கேஷன்' கேட்கும். ஸ்விக்கியில நாம யோசிக்காம தட்டிடுவோம். கடலுக்குப் போற ஒருத்தருக்கு எங்க மீன் கிடைச்சுதுங்கிறது தொழில் ரகசியம். கடலுக்கடியில எந்த இடத்துல பாறை இருக்கு, எங்க வலை மாட்டும், எந்த மாசம் எங்க போகணும். அப்பா சொல்லிக்கொடுத்தது, இருபது வருஷம் எரிபொருள் எரிச்சுக் கத்துக்கிட்டது. அதை உங்க சர்வருக்கு அனுப்பச் சொல்றீங்க. உங்க கம்பெனி நாளைக்கு ஒரு பெரிய டிராலர் ஓனருக்கு டேட்டா வித்தா? 99 ரூபாய் விலைன்னு நீங்க நினைக்கிறீங்க. உண்மையான விலை இதுதான், அதை அவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

டெக்னிக்கலா இதுக்கு வழி இருக்கு. ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் தேவையில்லை, சேட்டிலைட் சிக்னல் போதும். மேப்பை முன்னாடியே இறக்கி வெச்சிட்டா எல்லாம் போன்லயே ஓடும், சர்வருக்கு எதுவும் போக வேண்டாம். கரையில இருந்து கொஞ்ச தூரம் போனாலே டவரும் கிடைக்காதுங்கிறதால எப்படியும் ஆஃப்லைன்ல ஓடித்தான் ஆகணும். "உங்க இடம் உங்க போனை விட்டு வெளியே போகாது. ஏரோபிளேன் மோட்ல போட்டு நீங்களே பாருங்க"ன்னு கரையில வெச்சுக் காட்டுங்க. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் எதுக்காக எடுக்கிறோம்னு சொல்லி சம்மதம் வாங்கச் சொல்லுது. ஆனா சட்டத்தைக் காட்டினா யாரும் நம்ப மாட்டாங்க, போனைக் காட்டினா நம்புவாங்க.

தப்பான தகவலோட விலை என்னன்னும் ஞாபகம் வெச்சிக்கணும். 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் வந்தப்போ கன்னியாகுமரி, கேரளப் பக்கம் ஆழ்கடல்ல இருந்தவங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே வழியில்லை. எத்தனையோ குடும்பங்கள் ஆளை இழந்தாங்க. உணவு டெலிவரி ஆப் கிராஷ் ஆனா சாப்பாடு லேட்டாகும். இங்க அப்படி இல்லை. உங்க டேட்டா ஆறு மணி நேரம் பழசுன்னா, அது பழசுன்னு ஸ்கிரீன்ல பெருசாத் தெரியணும்.

சரி, என்னதான் பண்றது?

நம்ம லிஸனர் இடத்துல யார் இருந்தாலும் நான் சொல்றது இதுதான்.

முதல்ல பஸ் ஏறுங்க. அட்மினை நேர்ல பாருங்க, முடிஞ்சா ஊர் பெரியவங்களையும். "அண்ணா, நான் இன்னார், இது பண்ணிட்டிருக்கேன், குரூப்புல இருக்கலாமா?"ன்னு கேளுங்க. விக்கிறதுக்குத்தான் வந்திருக்கேன்னு மறைக்காதீங்க. ஆராய்ச்சி பண்றேன், சேவை பண்றேன்னு சொல்லிட்டு ஆறு மாசம் கழிச்சு பில் நீட்டினா அதுக்குப் பேரு வேற.

அடுத்து, மூணு ஃபீச்சரும் வேண்டாம், ஒண்ணு போதும். முகத்துவாரம், நீரேத்தம், காத்து. தினமும் ஒரே நேரத்துல, முப்பது செகண்ட் வாய்ஸ் நோட். தமிழ்ல, அவங்க வார்த்தையில. வடகிழக்குன்னு பாடப்புத்தகம் மாதிரி சொல்லாம வாடை, கொண்டல், கச்சான்னு அவங்க சொல்ற பேர்ல. ஆப் இன்ஸ்டால் பண்ணச் சொல்லாதீங்க. நேத்து சொன்னது தப்பாப் போச்சுன்னா, இன்னைக்கு முதல் வரியே அதுவா இருக்கட்டும். ஒரு பருவம் முழுக்க இப்படிப் போகட்டும்.

காசு விஷயத்துக்கு வருவோம். காசு கேக்குறது தப்பே இல்லை. இலவசமா ஓடுற நிறைய நல்ல திட்டங்கள் ஃபண்டு நின்னதும் நின்னுடும், அப்போ நம்பினவங்கதான் நடுத்தெருவுல நிப்பாங்க. ஆனா யார்கிட்ட, எப்போன்னு யோசிங்க. புயல் எச்சரிக்கைக்கு ஒருநாளும் காசு கேக்காதீங்க. அதை சப்ஸ்கிரிப்ஷனுக்குப் பின்னாடி பூட்டி வெச்சீங்கன்னா, ஊர்ல உங்க பேரே எடுக்க மாட்டாங்க. சென்னையில நல்ல நண்டு, ஏரி இறால் வேணும்னு காசோட காத்திருக்கிறவங்க இருக்காங்க. அந்த அக்காங்களுக்கு ஆர்டர் எழுதி வைக்கிற, பணம் வந்துச்சா பார்க்கிற ஒரு சின்ன டூல் பண்ணி, கட்டணத்தை வாங்குறவங்க பக்கம் வைக்கலாம். இதுலயும் வியாபாரி, கடன் எல்லாம் குறுக்க வரும். எந்தக் குடும்பத்துக்கு யார்கிட்டயும் முன்பணம் இல்லையோ, அங்க இருந்து தொடங்குங்க. பத்து பேர் போதும்.

கடைசியா, முடியாதுன்னு சொன்னா விட்டுடுங்க. பேசிப் பார்த்து, ஒரு பருவம் தகவல் கொடுத்து, அப்புறமும் "வேணாம் தம்பி"ன்னாங்கன்னா அதுவும் ஒரு யூசர் ஃபீட்பேக்தான். வேற நம்பர்ல திரும்ப உள்ள வராதீங்க.

இந்த எபிசோடைக் கேக்குறவங்கள்ல பழவேற்காடு, எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கத்துக்காரங்க நிச்சயம் சில பேர் இருப்பீங்க. உங்க ஊர் குரூப்புக்கு இப்படி யாராச்சும் வந்து எதையாவது வித்திருக்காங்களா, யாரை வெச்சிருந்தீங்க, யாரைத் தூக்கினீங்க, ஏன்? வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஊர் பேர், ஆள் பேர் எதுவும் சொல்ல வேண்டாம். அடுத்த வாரம் அதை வெச்சே பேசுவோம்.